வியாபார நாணயமும் கைபேசி விளம்பரமும்

(விருதுநகரில் வணிகர்களும், அச்சக, பட்டாசு ஸ்தாபனங்களின் ஊழியர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சமூக ஊடகத்தைத் தொழிலிலும் வேலைத்தலத்திலும் விவேகத்தோடு கையாளுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். இந்த விஷயத்தை எந்த ஊரிலும் பேசலாம். ஆனால் விருதுநகரில் பேச வருகிறவன், செய்தி என்பதே ஒரு சரக்காக விலைபோன சந்தையில் நின்று பேசுகிறோம் என்ற நினைப்போடுதான் வாய் திறக்க வேண்டும். பருப்பும் எண்ணெயும் வற்றலும் மல்லியும் இன்ன விலைக்குப் போயின என்று இந்த ஊர் சொன்னால், எங்கோ இருக்கும் மளிகைக் கடைக்காரர் அதைக் கேட்டுத் தம் கடையின் விலையைத் திருத்திக்கொண்ட காலம் உண்டு. நாளிதழ்களில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்ற தலைப்பு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அந்த நிலவரத்தை வெளியூரார் நம்பியதற்குக் காரணம், சொன்ன விலைக்குச் சரக்கை எடைபோட்டுக் கொடுக்க ஒரு மண்டிக்காரர் பெயரோடும் விலாசத்தோடும் இங்கே உட்கார்ந்திருந்தார் என்பதுதான்.

இங்கிருந்து சற்றுத் தூரத்திலுள்ள சிவகாசியின் கதையும் இதையே காட்டுகிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, மழை பொய்த்த ஒரு கரிசல் பூமிக்குப் பிழைக்க வழி செய்தார்கள் என்பது நீங்கள் அறிந்த சரித்திரம். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. தீக்குச்சி மருந்தில் பழகிய கைகள் மத்தாப்பையும் பட்டாசையும் செய்தன. அச்சகத்தில் பழகிய கைகள் நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்தன. விளம்பரம் என்பது இந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த வித்தையே அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் சேவலைப் பார்த்து, அணிலைப் பார்த்து, இன்னாருடைய சரக்கு என்று அறிந்து வாங்கினாள் என்றால், அந்தச் சின்னப் படத்துக்குப் பின்னால் பொறுப்பேற்க ஒரு முதலாளி இருந்தார், அவருக்கு ஒரு கடைத்தெருவும், தவறினால் கூப்பிட்டுக் கேட்க ஓர் உறவின்முறையும் இருந்தன என்று பொருள்.

இன்றைய ஊடகம் அந்தப் பொறுப்பாளியைத் திரைக்குப் பின்னே ஒளித்துவைக்க எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. அவரை மறுபடியும் கடையின் முன்வாசலில் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் விவேகம் என்பது என் கட்சி. மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைக்கும் காரியங்களே.

தீபாவளிச் சமயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுப் பட்டாசு வியாபாரத்தையும் தொடங்கிவைத்த சில நாட்களுக்குள், கைபேசியில் பட்டாசு விளம்பரங்கள் படையெடுக்க ஆரம்பிக்கின்றன. யூடியூபில் ஒரு காட்சி. இன்ஸ்டாகிராமில் ஒரு படம். ஒரு பிரபல கம்பெனியின் பெயரை ஒட்டி ஓரெழுத்து மாற்றிவைத்த ஓர் இணையப் பக்கம். அதில் ஒரு வாட்ஸ்அப் எண். ஆவலோடு கேட்பவருக்கு அழகான விலைப்பட்டியல் வந்து சேர்கிறது, கிஃப்ட் பாக்ஸின் படம் வருகிறது, பணம் செலுத்தக் க்யூஆர் கோடு வருகிறது. பணம் போன பிறகு எதுவும் வருவதில்லை. தமிழ்நாடு காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவு 2024 தீபாவளிக்கு முன்னால் இத்தகைய போலிப் பட்டாசு விற்பனையைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஏமாந்தவர் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால், பணம் கைமாறிக் கைமாறிக் கரைவதற்குள் அதை வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

இதில் ஏமாற்றுக்காரனை வைவது சுலபம். ஆனால் அவன் விரித்த வலையில் ஜனங்கள் இத்தனை எளிதாக விழுவதற்கு நம்முடைய நல்ல வியாபாரிகளும் கொஞ்சம் வழி செய்து வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெட்டிப் புஸ்வாணத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று பட்டியலில் அச்சிட்டு, பக்கத்திலேயே 80 சதவீதம் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டு, இருநூறு ரூபாய்க்கு விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் வெகுகாலமாகப் புழங்கி வருகிறது. உள்ளூர்க்காரன் சிரித்துக்கொண்டே இருநூறைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அது அவனுக்குத் தெரிந்த விளையாட்டு. சேலத்திலோ பெங்களூரிலோ உட்கார்ந்து திரையைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. பட்டாசு என்றால் எண்பது சதவீதம் தள்ளுபடி சகஜம் என்று வருஷக்கணக்காக அவரைப் பழக்கிவைத்தபின், எவனோ ஒருவன் தொண்ணூறு என்று சொல்லும்போது அவருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? உண்மையான விலையை உண்மையான விலையாகவே போட்டுவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் நியாயமானதுதான். அது தனிக்கடை தீர்க்கும் காரியமன்று. சங்கம் கூடித் தீர்க்க வேண்டியது. இந்த மாவட்டத்து வணிகர்கள் மகிமை என்று மூட்டைக்கு இவ்வளவென்று தங்களுக்குள் வரி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டி நடத்தியவர்கள். விலைப்பட்டியலில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவருவது அவர்களுக்கு அசாத்தியமாகுமா?

பட்டாசு விஷயத்தில் சட்டமும் ஒரு வேலி போட்டிருக்கிறது. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் அளித்த தீர்ப்பு, பிளிப்கார்ட், அமேசான் முதலான மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்கவோ விற்கவோ கூடாதென்று தடுத்தது. சரவெடியையும் பேரியம் உப்பையும் விலக்கியது. பசுமைப் பட்டாசுக்கு இடம் விட்டது. அதற்குப் பிறகும் சில விளம்பரப் பக்கங்களில் பழைய ஆல்பத்திலிருந்து எடுத்த பத்தாயிரம் வாலாச் சரவெடியின் படம் பகட்டாக நிற்பதைக் காண்கிறோம். கடையில் அந்தச் சரக்கு இல்லாமலே இருக்கலாம். படம் இருந்தால் போதாதா, வழக்குக்கும் வம்புக்கும்? படத்தை ஏற்றியவருக்கு அதை எடுக்கவும் நினைவிருக்க வேண்டும்.

நாணயமான கடைக்காரர் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். தம் பக்கத்தில் லைசென்ஸ் எண்ணையும், கடை இருக்கும் தெருவையும், ஜிஎஸ்டி எண்ணையும் ஒளிவு மறைவின்றிப் போடலாம். பணம் வாங்குவது ஸ்தாபனத்தின் பெயரிலுள்ள நடப்புக் கணக்கில்தான், தனி ஆள் பெயரில் எந்தக் கணக்கும் எங்களுக்கு இல்லை என்று முதல் வரியிலேயே எழுதிவைக்கலாம். பட்டாசுப் பெட்டியின்மேல் நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் கோடும் இருப்பதை எப்படிப் பார்த்துச் சரிபார்ப்பதென்று ஒரு நிமிஷக் காட்சியில் விளக்கலாம். பத்து நடிகர்கள் மத்தாப்புப் பிடிப்பதைவிட அது வாங்குபவருக்குப் பிரயோஜனமானது. இன்னொன்றும் சொல்வேன். உங்கள் வாடிக்கைக்காரர் வீட்டுச் சுவரில் நீங்கள் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறதல்லவா? அதன் அட்டையில் அச்சிட்ட தொலைபேசி எண்ணும் இணையப் பக்கத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் காலண்டரில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள் என்று சொல்லிவையுங்கள். ஓரெழுத்து மாற்றி இணையப் பக்கம் தயாரிப்பவன் ஆயிரம் வீட்டுச் சுவரில் ஏறி அட்டையை மாற்ற முடியாது.

அடுத்தது, அந்தப் பக்கம் யாருடையது என்ற கேள்வி. பல கடைகளில் நடப்பது இதுதான்: முதலாளிக்கு இந்த யந்திரங்களில் பழக்கமில்லை, அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், சூட்டிகையான பையன், "நீ பார்த்துக்கொள், மாப்பிள்ளை" என்று சொல்லிவிடுகிறார், அவன் தன் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கடையின் பெயரில் கணக்கைத் தொடங்குகிறான். மூன்று வருஷத்தில் இருபதினாயிரம் பேர் அதைப் பின்தொடர்கிறார்கள். பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விடுகிறான்; பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதிய எண் வாங்குகிறான்; கடவுச்சொல் அவனுக்கே மறந்துவிடுகிறது. கடையின் பெயர்ப்பலகை ஊரறிய ஓரிடத்தில் மாட்டியிருக்கிறது, அதை இறக்கவும் துடைக்கவும் கடைக்காரருக்கே அதிகாரமில்லை! பத்திரத்தையும் சாவிக்கொத்தையும் இரும்புப் பெட்டியில் வைக்கும் முதலாளிமார் இந்தச் சாவியையும் அங்கேயே வைக்க வேண்டாமா? கணக்கு ஸ்தாபனத்தின் எண்ணில் இருக்க வேண்டும். அதில் எழுதும் அதிகாரம் யாருக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அவர் விலகிப் போகும் நாளில் மற்றக் கணக்குகளை ஒப்படைப்பதுபோல் இதையும் ஒப்படைக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெளியூருக்குக் கடிதம் எழுதக் கணக்குப்பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆனால் முதலாளி படித்துப் பார்க்காமல் கடிதம் தபாலுக்குப் போகாது.

வேலைத்தலத்துக்கு வருகிறேன். உலகத்திலுள்ள அலுவலகங்களெல்லாம் ஊழியரின் கையிலிருந்து கைபேசியை எப்படி விலக்குவது என்று தவித்துக்கொண்டிருக்கையில், அந்தப் பிரச்சினையை வாசலிலேயே தீர்த்துக்கொண்ட தொழில் பட்டாசுத் தொழில். காலையில் வேன் வந்து நிற்கிறது. சாப்பாட்டுத் தூக்கோடு பெண்கள் இறங்குகிறார்கள். காவலாளி அறையில் கைபேசியை ஒப்படைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மருந்தறைப் பக்கம் போகிறார்கள். போர்மேன் சொல்லும் காரணம் ஒரே வரி: மருந்துக்குப் பக்கத்தில் மின்சாரமும் ஆகாது, பராக்கும் ஆகாது. இந்த விதியில் எனக்குப் பிடித்த அம்சம், சரியாக நடக்கும் ஆலைகளில் அது முதலாளியின் மகனுக்கும் பொருந்துகிறது என்பது. பிடிக்காத அம்சம், விளம்பரம் என்று வந்தவுடன் அதே விதி சில இடங்களில் நெகிழ்ந்துவிடுகிறது என்பது. யூடியூப்காரர் ஒருவர் காமிராவோடும் விளக்கோடும் வந்து, 'பட்டாசு எப்படித் தயாராகிறது பாருங்கள்' என்று ஷெட்டுக்குள் நுழைந்து படமெடுக்கிறார். வேலை செய்கிறவள் திரியை விட்டுவிட்டுக் காமிராவைப் பார்க்கிறாள். அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்கள் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதும், மரத்தடியில் வைத்துச் செய்யக் கூடாத வேலை மரத்தடியில் நடப்பதும் அந்தக் காட்சியிலேயே துலக்கமாகத் தெரிகின்றன. ஆய்வாளரும் மாலையில் வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்க்கிறவர்தாம் என்பது இவர்களுக்கு எப்படியோ ஞாபகம் வருவதில்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு, உதவலாம் என்றும் என்னவென்று பார்க்கலாம் என்றும் அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். முதல் வெடிப்போடு முடிந்துவிட்டது என்று எண்ணிக் கிட்டப் போனவர்களை அடுத்த வெடிப்பு வாங்கிக்கொண்டது. அன்று ஒவ்வொருவர் கையிலும் காமிராக் கைபேசி இல்லை. இன்று இருக்கிறது, ஆகையால் கிட்டப் போக இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. விபத்துச் செய்தி வந்ததும் முதல் அரைமணிக்குள் ஒரு காட்சி குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அதில் கருகிய உடல் ஒன்று தெரிகிறது. அந்தச் சேலையின் கரையைப் பார்த்து, மகள் தாயை அடையாளம் கண்டுகொள்கிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து எவரும் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால். இதைத் தடுக்கச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. விபத்து நடந்தால் படமெடுப்பதில்லை, பெயர்களை அதிகாரிகள் குடும்பத்துக்குச் சொல்லும்வரை எந்தக் குழுவிலும் போடுவதில்லை, விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல இன்னார் ஒருவரே என்று ஒவ்வோர் ஆலையும் தீயணைப்பு ஒத்திகையோடு சேர்த்தே இதையும் பழக்கிவிடலாம்.

ஆனால் இதே விதியைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளியின் வாயை அடைப்பதற்கு நான் உடன்படமாட்டேன். 'கம்பெனியைப் பற்றி வெளியே எதுவும் எழுதக் கூடாது' என்று ஒரு வரியில் ஆணை போட்டுவிடுவது முதலாளிகளுக்குச் சௌகரியமானது. கலவையறையில் அளவு மீறி மருந்து கிடக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அது அவதூறா, எச்சரிக்கையா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த 41-எச் என்ற பிரிவு, அபாயம் நெருங்குகிறது என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்ற உரிமையை ஒப்புக்கொண்டது. உள்ளே சொன்னால் கேட்கும் காது ஒன்று இருக்கும் இடத்தில் எவரும் வெளியே போய்க் கூவமாட்டார்கள். முகநூலில் புகார் எழுதிய ஊழியரை மறுநாளே வேலையைவிட்டு நிறுத்தும் முதலாளி, அவர் அதற்கு முன் எத்தனை பேரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தார் என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு அந்த உத்தரவில் கையெழுத்துப் போடட்டும்.

அலுவலகங்களின் வாட்ஸ்அப் குழு தனியொரு சங்கடம். கணக்குத் தவறிய குமாஸ்தாவை முன்பு முதலாளி தம் அறைக்குக் கூப்பிட்டுக் கண்டிப்பார், கதவு சாத்தியிருக்கும். இன்று இரவு பத்து மணிக்கு நாற்பது பேர் பார்க்கும் குழுவில் அதே கண்டிப்பு எழுத்தில் வந்து விழுகிறது. அந்தக் குமாஸ்தாவுக்குக் கீழே வேலை செய்யும் பையன் அதற்கு ஒரு கட்டைவிரல் படமும் போட்டுவைக்கிறான். இதற்குமேல் விளக்கம் தேவையா?

வதந்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோழியால் கொரோனா பரவும் என்ற பொய் வாட்ஸ்அப்பில் பரவி, நாமக்கல் முட்டையின் விலையைத் தரையில் தள்ளியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சீனா விஷவாயு நிரப்பிய பட்டாசுகளை இந்தியாவுக்கு அனுப்பியிருக்கிறது, ஆஸ்துமா வரும் என்று உள்துறை அதிகாரி ஒருவர் பெயரால் சுற்றிய செய்தியையும் மத்திய அரசின் செய்திப் பிரிவு பொய்யென்று மறுத்தது. அந்தச் செய்தியை இந்தப் பக்கத்து வியாபாரிகளில் சிலரும் மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார்கள். சீனப் பட்டாசுக்கு எதிரான செய்தி நமக்கு லாபந்தானே என்பது அவர்கள் எண்ணம். அதைப் படித்த சாமானியன் எடுத்துக்கொண்டது, பட்டாசு வாங்கினால் நோய் வரும் என்ற பாதியை மட்டும்! போட்டிக்காரனைப் பற்றிய பொய்யும் சந்தைக்கு வந்தபிறகு எல்லோருடைய சரக்கின்மேலும் விழும். உளுந்துக்கு இறக்குமதித் தடை வருகிறது என்று மண்டிக் குழுவில் யாரோ தட்டிவிடும் ஒரு வரிக்கும் இதே கதிதான்.

விளம்பரத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் இன்னும் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு புகழ்பவர், தாம் பணம் வாங்கியதைப் பார்ப்பவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021-இல் நெறி வகுத்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர்மீதும் புகழ்ந்தவர்மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம். பட்டாசில் அபராதத்தைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. 2023 தீபாவளிச் சமயத்தில் திருச்சிப் பக்கம் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் பட்டாசைக் கட்டிக்கொண்டு, முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காட்சி நாடெங்கும் சுற்றிப் போலீசாரின் கைதில் முடிந்தது. அத்தகைய காட்சியில் உங்கள் லேபிள் தெரிந்தால், 'இலவச விளம்பரம்' என்று அதை எடுத்து உங்கள் பக்கத்தில் போட்டு மகிழாதீர்கள். கையில் பிடித்து வெடிப்பவனை நீங்கள் பாராட்டினால் அதைப் பார்த்து வெடிக்கப் போகும் பத்து வயதுப் பையனுக்கும் நீங்களே ஜவாப்தாரி.

கடைசியாக, தீபாவளிக்கு மறுநாளைப் பற்றி. இரண்டு மாதம் ஓயாமல் மணியடித்த கைபேசியை அன்று காலை அணைத்து மேஜை டிராயரில் போட்டுவிடும் கடைகள் அநேகம். புகார்கள் வருவது அன்றுதான். புஸ்வாணம் பாதியில் அணைந்துவிட்டது, கிஃப்ட் பாக்ஸில் இரண்டு அயிட்டம் குறைகிறது, லாரி ஷெட்டில் பார்சல் நனைந்துவிட்டது என்று எழுதுபவருக்குப் பதில் வராதபோது, அவர் அதையே எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறார். போலிப் பக்கத்தில் ஏமாந்தவரும் உங்கள் பெயரைக் குறித்தே அங்கே திட்டுகிறார். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல ஆளில்லாமல் உங்கள் பக்கம் மௌனமாக இருக்கிறது. நிதானமாக எழுதத் தெரிந்த ஒரு குமாஸ்தாவைத் திருக்கார்த்திகை முடியும்வரை இந்த வேலைக்கென்றே அமர்த்துங்கள். பில் எண்ணையும், பெட்டியின்மேலுள்ள தயாரிப்பு விவரத்தையும் கேட்டு வாங்கட்டும். தவறு நம்முடையதானால் சரக்கையோ பணத்தையோ திருப்பட்டும். போலியில் ஏமாந்தவராக இருந்தால் 1930-க்கு எப்படிச் சொல்வதென்று வழிகாட்டட்டும். அந்தச் சம்பளம் எந்தக் கணக்கில் எழுத வேண்டியது என்று கேட்டால், விளம்பரச் செலவில் எழுதுங்கள் என்பேன். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.